சித்தூருக்கும் திருப்பதிக்கும் மாற்றலாகிச் செல்வோர் ரேணிகுண்டா விமான நிலையத்தைப் பற்றி அறிய வேண்டியவை

தில்லியிலோ, நாகபுரியிலோ, கொல்கத்தாவிலோ பல ஆண்டுகள் உத்தியோகம் பார்த்துவரும் ஒருவருக்குச் சித்தூருக்கோ திருப்பதிக்கோ மாற்றல் ஆணை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் செய்வது வரைபடத்தை எடுத்துப் பார்ப்பதுதான். ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடி, தமிழ்நாட்டின் வட எல்லையை ஒட்டிய இடம் என்று கண்டதும் உள்ளம் குளிர்கிறது. திருப்பதிக்கு அருகே சிறு விமானம் ஒன்று வரையப்பட்டிருப்பதைக் கண்டதும் மகிழ்ச்சி இருமடங்காகிறது. 'ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். அவசரமென்றால் பறந்து போகவும் வசதி இருக்கிறது' என்று மனைவி மக்களிடம் சொல்லிவிட்டு மூட்டை கட்டத் தொடங்குகிறார். வரைபடத்தில் உள்ள அந்தச் சிறு குறி நமக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. என் நண்பர் ஒருவர் நாகபுரியிலிருந்து சித்தூருக்கு மாற்றலாகி வந்தார். அவருடைய அன்னையார் கும்பகோணத்திற்கு அருகில் ஒரு கிராமத்தில் இருந்தார். ஓர் இரவு ஒன்பது மணிக்கு, அன்னையாருக்கு உடல் நலிந்துவிட்டது என்று செய்தி வந்தது. நண்பர் நாகபுரியில் பழகிய வழக்கப்படி விமானத்தையே நினைத்தார். இரவில் விமானம் இல்லை. மறுநாள் காலையில் ரேணிகுண்டாவிலிருந்து ஐதராபாத்துக்கு ஒரு விமானமும், அங்கிருந்து பிற்பகலில் திருச்சிராப்பள்ளிக்கு ஒரு விமானமும் இருந்தன. இரண்டிலும் இடம் பதிவு செய்துகொண்டு விடியுமுன் வாடகைக் காரில் புறப்பட்டார். ஐதராபாத்தில் பல மணி நேரம் காத்திருந்து, திருச்சியில் இறங்கி, அங்கிருந்து மீண்டும் சாலை வழியே சென்று ஊர் சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. வேலூரில் வாழ்ந்த அவருடைய தங்கையோ அதே இரவில் பேருந்து ஏறி விடியற்காலையிலேயே வீடு போய்ச் சேர்ந்திருந்தார். அன்னையார் நண்பகல் வரை நல்ல நினைவோடு பேசிக்கொண்டிருந்தாராம். நண்பர் சென்றபோது பேச்சு நின்றுவிட்டது. அதன்பின் சில நாட்கள் உயிரோடிருந்தும் அவர் மகனிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.

இதில் யார்மீதும் குற்றம் சொல்வதற்கில்லை. விமானங்கள் குறித்த நேரத்தில்தான் சென்றன. தெற்கே 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்குப் போக, வடக்கே 500 கிலோமீட்டருக்கு மேல் சென்று திரும்பினோமே என்று நண்பர் பிற்பாடு சொல்லி வருந்தினார். அவ்வாறு ஏன் நேர்ந்தது என்பதை அறிந்துகொண்டால், வேலைக்குச் செல்லும் முன்பே நம்மில் பலர் எச்சரிக்கையாக இருக்கலாம்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். திருப்பதி விமான நிலையம் என்று வழங்கப்படுவது திருப்பதி நகரத்திற்குள் இல்லை. நகரத்திற்குக் கிழக்கே சுமார் 14 கிலோமீட்டர் தொலைவில், திருக்காளத்திக்குச் செல்லும் வழியில், ரேணிகுண்டா என்னும் ஊரில் இருக்கிறது. திருப்பதி நகரம் மலையடிவாரத்தில் அமைந்தது. அதன் வடக்கே சேஷாசல மலைத்தொடர் சுவர் போல் எழுந்து நிற்கிறது. விமானம் இறங்குவதற்கும் ஏறுவதற்கும் பாதையின் இருமுனைகளிலும் தடையற்ற வெளி வேண்டும். அத்தகைய சமநிலம் சுவர்ணமுகி ஆற்றுப் படுகையை ஒட்டிக் கிழக்கே கிடைக்கிறது.

விமான நிலையத்தைப் பற்றிப் படிக்கும்போது '08/26' என்ற எண்களை அன்பர்கள் காணலாம். இது ஓடுபாதையின் பெயர். திசைகாட்டியில் வடக்கிலிருந்து வலப்புறமாக அளந்தால் ஓடுபாதை ஒரு முனையிலிருந்து ஏறக்குறைய 80 பாகையும், எதிர்முனையிலிருந்து 260 பாகையும் நோக்கியிருக்கிறது என்று பொருள். கடைசிச் சுழியை நீக்கிவிட்டு எழுதுவது உலகெங்கும் உள்ள மரபு. ஆகவே ரேணிகுண்டாவின் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடப்பது என்பதை அந்த எண்களிலிருந்தே அறிந்துகொள்ளலாம்.

இந்நிலையம் 1971-ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. தொடக்கத்தில் சிறிய விமானங்களுக்கு ஏற்றதாக இருந்த ஓடுபாதை பின்னர் 7,500 அடியாக நீட்டப்பட்டது. சுமார் 180 பேர் அமரக்கூடிய ஜெட் விமானங்களுக்கு இந்நீளம் போதுமானது. பெரிய உடலுடைய தொலைதூர விமானங்களும் வந்து செல்லும் வகையில் இதனை 12,500 அடியாக்கும் பணியும் அண்மை ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்டது. 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் பிரதமர் நரேந்திர மோடி அவர்கள் புதிய பயணியர் முனையத்தைத் திறந்து வைத்தார். அதற்குக் 'கருடா' என்று பெயர். 2017-இல் இந்நிலையம் பன்னாட்டு விமான நிலையம் என்னும் தகுதியைப் பெற்றது.

பன்னாட்டு விமான நிலையம் என்ற சொல்லைக் கேட்டவுடன் இங்கிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் நாள்தோறும் விமானங்கள் பறக்கின்றன என்று எண்ணிவிடலாகாது. சுங்கச் சோதனை, குடிநுழைவுச் சோதனை ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்து அயல்நாட்டு விமானங்களை ஏற்கலாம் என்று அரசு அளிக்கும் அனுமதியையே அச்சொல் குறிக்கும். விமானத்தை இயக்குவது விமானக் கம்பெனியின் முடிவு. அனுமதி கிடைத்த பின்னரும் கம்பெனிகள் வராமலிருப்பது உண்டு. இராயலசீமையிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் மக்கள் தகுதி கிடைத்த பின்னரும் சென்னை, பெங்களூர், ஐதராபாத் ஆகிய நகரங்களின் வழியாகவே சென்று வந்தனர். ஆகவே தகுதிப் பெயரைப் பார்ப்பதை விட, இன்றைய அட்டவணையில் எந்த ஊர்களின் பெயர்கள் உள்ளன என்று பார்ப்பதே பயன் தரும்.

பெயரைப் பற்றிய மற்றொரு எச்சரிக்கையும் தமிழர்களுக்கு உரியது. 'திரு' என்று தொடங்கும் ஊர்கள் நம் பக்கத்தில் பல. விமானப் பயணச்சீட்டில் ஒவ்வோர் ஊருக்கும் மூன்றெழுத்துக் குறி உண்டு. திருப்பதிக்கு டி.ஐ.ஆர்.; திருச்சிராப்பள்ளிக்கு டி.ஆர்.இசட்.; திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி. தூத்துக்குடிக்கோ டி.சி.ஆர். அவசரத்தில் கைப்பேசியில் இடம் பதிவு செய்யும்போது இக்குறிகளை ஒருமுறைக்கு இருமுறை படித்துக்கொள்வது நல்லது. பணத்தைச் செலுத்திய பின்னர் பிழையைத் திருத்துவது எளிதன்று.

இனி, ரேணிகுண்டாவிலிருந்து விமானங்கள் எங்கே செல்கின்றன என்னும் முதன்மையான கேள்விக்கு வருவோம். நெடுங்காலமாகவே இந்நிலையத்தின் முக்கியமான தொடர்பு ஐதராபாத்துடன்தான். பெங்களூர், மும்பை, தில்லி, விசாகப்பட்டினம், விஜயவாடா போன்ற நகரங்களுக்கும் பல காலங்களில் விமானங்கள் இயங்கியிருக்கின்றன. இந்த வரிசையைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். வேங்கடவனைத் தரிசிக்கத் தொலைவிலிருந்து வரும் யாத்திரிகர்களும், அலுவலுக்காகத் தலைநகரங்களுக்குச் சென்று வருவோருமே இந்த விமானங்களின் பயணிகள். சென்னையிலிருந்தோ வேலூரிலிருந்தோ திருப்பதிக்கு வருபவர் விமானத்தை நாடுவதில்லை. அவருக்குச் சாலையும் ரயிலும் போதும். எனவே திருச்சிக்கோ மதுரைக்கோ நேர் விமானம் இயக்கினால் அதை நிரப்பப் போதிய பயணிகள் கிடைப்பது அரிது.

ரயிலும் சாலையும் அமைந்த கதை வேறு. சென்னையையும் பம்பாயையும் இணைத்த ரயில் பாதை அரக்கோணம், ரேணிகுண்டா, கடப்பை வழியாகச் சென்று 1871-இல் இராய்ச்சூரில் முழுமை பெற்றது. விழுப்புரத்திலிருந்து காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகச் சென்ற மீட்டர்கேஜ் பாதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைந்தது. அக்காலத்தில் சித்தூர் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரையில் அம்மாவட்டம் சென்னை மாநிலத்தின் பகுதியாகவே இருந்தது. பின்னர் எல்லைச் சிக்கல் தீர்க்கப்பட்டு, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி முதலிய பகுதிகள் தமிழ்நாட்டுடன் சேர்ந்தன. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நிலைத்தன.

இவ்வரலாற்றிலிருந்து இன்றைய பயணி அறிய வேண்டியது என்ன? சித்தூரின் ரயில் பாதைகளும் பழைய சாலைகளும், அந்நிலம் சென்னையோடும் வேலூரோடும் சேர்ந்திருந்த காலத்தில் தெற்கு நோக்கி அமைந்தவை. விமானமோ பிற்காலத்தில், அரசின் தலைநகரையும் யாத்திரிகர் வரும் பெருநகரங்களையும் நோக்கி அமைந்தது. ஆகையால் சித்தூர்ப் பகுதியில் குடியேறும் தமிழருக்கு வடக்கே போக விமானமும், தெற்கே போகச் சாலையும் ரயிலும் துணை என்று பொதுவாகச் சொல்லலாம். தாய் தந்தையர் தமிழ்நாட்டில் இருப்பின், அவசர வேளைக்கு உதவும் வழி ரேணிகுண்டா ஓடுபாதையில் இல்லை. காட்பாடி ரயில் நிலையத்திலும் வேலூர்ப் பேருந்து நிலையத்திலும் இருக்கிறது. என் நண்பர் இதைக் காலம் கடந்து தெரிந்துகொண்டார்.

தூரங்களைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே சாலை வழித் தூரம் சுமார் 70 கிலோமீட்டர். விமான நிலையம் திருப்பதிக்கு அப்பால் இருப்பதால் சித்தூரிலிருந்து அங்குச் செல்ல 80 கிலோமீட்டருக்கு மேலாகும். சித்தூரிலிருந்து வேலூர் 40 கிலோமீட்டருக்குள்தான். சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பெங்களூரின் விமான நிலையம் 2008-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இயங்கி வருகிறது. சித்தூரிலிருந்து அதற்குச் சுமார் 180 கிலோமீட்டர். எனவே சித்தூர்வாசிக்கு ஒன்றல்ல, மூன்று விமான நிலையங்கள் உண்டு. தில்லிக்கு அலுவலாகப் போக நேர்ந்தால் ரேணிகுண்டாவில் ஏறி இடையில் ஒரு விமானம் மாறுவதைக் காட்டிலும், மூன்று மணி நேரம் சாலையில் சென்று சென்னையில் நேர் விமானம் ஏறுவது விரைவாகவும் இருக்கலாம். சில நாட்களில் செலவும் குறையலாம். ஐதராபாத் போவதாயின் ரேணிகுண்டாவே சிறந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.

வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்தில் பழைய விமானத் தளம் ஒன்று உண்டு. சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் 'உதான்' திட்டத்தில் அதனைப் புதுப்பிக்கும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டது. இவ்வாறு வரவிருக்கும் வசதிகளை நம்பி வீடு பார்ப்பதும், பிள்ளைகளின் பள்ளியைத் தீர்மானிப்பதும் தகாது. விமானம் வந்து இறங்கி, சில மாதங்களாவது தொடர்ந்து பறப்பதைக் கண்ட பின்னரே அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். உதான் திட்டத்தின் முதல் விமானம் 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சிம்லாவிலிருந்து தில்லிக்குப் பறந்தது. அத்திட்டத்தில் ஒரு வழித்தடத்திற்கு மூன்று ஆண்டுகள் அரசு உதவித்தொகை அளிக்கிறது. இந்தியக் கணக்காய்வுத் தலைவர் 2023-இல் அளித்த அறிக்கையின்படி, ஒப்படைக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 371 மட்டுமே தொடங்கப்பட்டன. மூன்றாண்டு முடிந்த பின்னரும் நிலைத்தவை 54 மட்டுமே. திருப்பதிக்கு யாத்திரிகர் கூட்டம் எப்பொழுதும் இருப்பதால் அதன் நிலை இவ்வளவு நொய்தானதன்று. எனினும் சிறு நிலையங்களில் ஒரு வழித்தடம் இன்று இருந்து நாளை இல்லாமற் போவது இயல்பு என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

வழித்தடங்கள் நிலைத்திருந்தாலும் நேரங்கள் மாறும். உலகெங்கும் விமான அட்டவணைகள் ஆண்டுக்கு இருமுறை, மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் மாற்றியமைக்கப்படுகின்றன. கோடைக்கால அட்டவணையில் காலை ஏழு மணிக்குப் புறப்பட்ட விமானம், குளிர்கால அட்டவணையில் பிற்பகலுக்குப் போய்விடலாம். பெருநகரத்தில் ஒரு விமானம் போனால் அடுத்த மணியில் இன்னொன்று இருக்கும். சிறு நிலையத்திலோ ஒரு விமானத்தைத் தவறவிட்டால் ஒரு நாளே போய்விடக்கூடும். பதிவுச் சாளரத்தைப் புறப்பாட்டிற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிடுவார்கள் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஆகவே சித்தூர்வாசி ஒருவர் காலை எட்டு மணி விமானத்தைப் பிடிக்க விடியற்காலை நான்கு மணிக்கே வீட்டை விட்டுப் புறப்பட்டாக வேண்டும்.

திருப்பதிக்கே உரிய காலக் கணக்கு ஒன்றும் உண்டு. புரட்டாசியில் பிரம்மோற்சவம், மார்கழியில் வைகுண்ட ஏகாதசி, கோடையில் பள்ளி விடுமுறை ஆகிய நாட்களில் விமானத்தில் மட்டுமின்றி, ரயிலிலும் பேருந்திலும் இடம் கிடைப்பது கடினம். விமானக் கட்டணமும் உயரும். அப்பகுதியில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் விடுமுறைப் பயணத்தை இந்நாட்களுக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

மழையையும் கருத வேண்டும். வடநாட்டிலிருந்து வருவோர் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் மழைக்காலம் என்று எண்ணியிருப்பர். இங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றும், வங்கக் கடலில் தோன்றும் தாழ்வழுத்தங்களுமே பெருமழையைத் தருகின்றன. 2021-ஆம் ஆண்டு நவம்பர் மாத நடுவில் பெய்த மழையில் திருப்பதி நகரத் தெருக்களில் வெள்ளம் ஓடியது, திருமலைக்குச் செல்லும் மலைப்பாதைகளில் பாறைகள் சரிந்தன, சுவர்ணமுகி பெருக்கெடுத்தது. அத்தகைய நாட்களில் விமானம் வேறு நகரத்திற்குத் திருப்பிவிடப்படுவதும், ரயில்கள் நிறுத்தப்படுவதும் நேரும். மழைக்காலத்தில் முக்கியமான நேர்முகத் தேர்வுக்கோ திருமணத்திற்கோ செல்பவர்கள் ஒரு நாளைக் கைவசம் வைத்துக்கொண்டு புறப்பட வேண்டும்.

பணியிடம் எது என்பதையும் துல்லியமாகக் கேட்டறிவது அவசியம். 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நெல்லூர் மாவட்டத்தின் சில பகுதிகளும் அதனுடன் சேர்க்கப்பட்டன. ஆகவே நியமன ஆணையில் 'திருப்பதி மாவட்டம்' என்று எழுதியிருந்தால் மட்டும் ரேணிகுண்டாதான் அருகிலுள்ள விமான நிலையம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. தடாவுக்கு அருகிலுள்ள ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையும், விண்வெளி ஏவுதளம் அமைந்த ஸ்ரீஹரிகோட்டாவும் இன்று திருப்பதி மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஸ்ரீசிட்டி தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியது; அங்கு வேலைக்குச் செல்பவருக்குச் சென்னையே எல்லா வகையிலும் வாயில். ஏர்ப்பேடு அருகே அமைந்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்திலும் சேர்பவர்களுக்கு ரேணிகுண்டா மிக அருகில் உள்ளது. அவர்களுக்கு விமான நிலையத்தால் மெய்யான பயன் உண்டு. பாகாலாவுக்கு அருகில் காதங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்திற்குச் செல்பவர் சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்டவர். இரு பக்கத்து வசதிகளையும் அவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு, வேலையை ஏற்குமுன் அன்பர்கள் ஒரு தாளை எடுத்து மூன்று பயணங்களைக் கணக்கிட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு செல்லும் பயணம். இதற்கு நேரம் இருக்கிறது. முன்பதிவு செய்து ரயிலில் செல்லலாம். இரண்டாவது, அலுவல் பயணம். இதற்கு ரேணிகுண்டா, சென்னை, பெங்களூர் ஆகிய மூன்றில் எது நேரமும் செலவும் குறைந்தது என்று பார்க்க வேண்டும். விமானத்தில் பறக்கும் நேரத்தை மட்டும் எழுதாமல், வீட்டு வாசலில் புறப்பட்டதிலிருந்து சேரும் இடத்தின் வாசலை மிதிக்கும் வரை ஆகும் முழு நேரத்தையும் எழுத வேண்டும். மூன்றாவது, இரவு ஒன்பது மணிக்குச் செய்தி வந்தால் உடனே மேற்கொள்ள வேண்டிய பயணம். இம்மூன்றில் மிகக் கவனமாகக் கணக்கிட வேண்டியது இதுவே. பெரும்பாலோர் கணக்கிடாமல் விட்டுவிடுவதும் இதையே.

மூன்றாவது பயணத்திற்கு விடை காண அட்டவணைகள் மட்டும் போதா. அவ்வூரில் வாழும் ஒருவரிடம் கேட்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் சித்தூரிலிருந்து வேலூருக்குப் பேருந்து கிடைக்குமா, காட்பாடியில் எந்தெந்த ரயில்கள் எந்நேரத்தில் நிற்கின்றன, நம்பத்தக்க வாடகைக் கார் ஓட்டுநர் யார், அவர் நள்ளிரவில் அழைத்தால் வருவாரா என்பன போன்ற செய்திகளை அலுவலக அறிவிப்புகளில் காண முடியாது; ஊர்வாசிகளின் வாயிலாகவே அறிய முடியும். சித்தூரில் அவ்வாறு கேட்டறிவது தமிழர்க்குக் கடினமன்று. கடைவீதியிலும் பேருந்து நிலையத்திலும் தமிழ் பேசுவோர் பலர் இருக்கின்றனர். இருப்பினும் தெலுங்கு எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொள்வது மிகுந்த பயன் தரும். தெலுங்கில் விமான நிலையத்தை 'விமானாஸ்ரயம்' என்பர். பேருந்தின் முகப்பில் எழுதிய ஊர்ப்பெயரையும் சாலைப் பலகையையும் தாமே படிக்கத் தெரிந்தவர், அவசர இரவில் பிறர் உதவிக்காக நிற்க வேண்டியதில்லை.

முதியோரைத் தம்முடன் அழைத்துவந்து வைத்துக்கொள்ள விரும்புவோர்க்கும் இப்பகுதி ஏற்றது. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ அறிவியல் நிறுவனமும், சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. பேச்சுத் துணைக்குத் தமிழ் கேட்கும். உணவும் தட்பவெப்பமும் பெரிதும் வேறுபடா. தில்லியின் குளிரில் தங்க மறுத்த பெற்றோர் சித்தூரில் மனமுவந்து தங்கக் கூடும். இதனால் மூன்றாவது பயணத்திற்கே தேவையில்லாமல் போகலாம்.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் வேலைக்குச் செல்ல வேண்டாம் என்பது என் கருத்தன்று. பண்டைத் தமிழகத்தின் வட எல்லையாக இலக்கியங்கள் போற்றும் வேங்கட மலையடிவாரத்தில் வாழும் வாய்ப்பு நல்வாய்ப்பே. ரேணிகுண்டா விமான நிலையமும் தன் அளவில் நன்கு பணியாற்றும் நிலையம்தான். அது எவருக்கு, எத்திசைப் பயணத்திற்கு அமைந்தது என்பதை முன்கூட்டியே அறிந்து செல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

என் நண்பர் இன்றும் சித்தூரில்தான் இருக்கிறார். தந்தையாரைத் தம்மோடு அழைத்து வந்துவிட்டார். அண்மையில் அவர் அலுவலகத்திற்கு ஒடிசாவிலிருந்து மாற்றலாகி வந்த திருநெல்வேலி இளைஞர் ஒருவர், 'இங்கே விமான நிலையம் எவ்வளவு தூரம்?' என்று கேட்டாராம். நண்பர் அதற்கு விடை சொல்லிவிட்டு, ஒரு தாளில் காட்பாடியில் நிற்கும் தென்னக ரயில்களின் நேரங்களையும், இரவில் வரக்கூடிய வாடகைக் கார் ஓட்டுநரின் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்து, வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளச் சொன்னாராம். மாற்றலாகிச் செல்லும் அன்பர்கள் அனைவரும் புதிய வீட்டில் பால் காய்ச்சும் நாளிலேயே அப்படியொரு தாளை எழுதி ஒட்டிவிடுவது நலம்.